வக்கீலுக்கு ஊசி போட்டாச்சு, அத்தான்

பாசமுள்ள அத்தானுக்கு, லீலா எழுதுவது.

ஊரெல்லாம் சிரித்து முடித்த விஷயம், நீங்கள் மட்டும்தான் பாக்கி. நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் உட்கார்ந்து நான் ஒரு நாய்க்குத் தாலாட்டுப் பாடினேன். அதுவும் உங்கள் வக்கீலுக்கு. "அந்த மூதேவி வாசலில் கிடந்தால் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று உங்களிடம் சண்டை போட்ட அதே லீலாதான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்.

போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் வாதாடுகிறான் என்றுதானே அவனுக்கு வக்கீல் என்று பேர் வைத்தீர்கள்? நீங்கள் போன பிறகு கேஸ் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பங்கஜத்தைத் தென்னை மரத்தில் ஏறுகிற வரைக்கும் துரத்தினான். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் அவள் தேங்காயும் பறித்திருப்பாள். அவள் நேராகப் பஞ்சாயத்து மெம்பரிடம் போய்விட்டாள்.

மெம்பர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். உள்ளே வரப் பயம்.

"சேச்சி, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல்ல கேம்ப் உண்டு. பேய்நாய்க்கடி ஊசி போட்டு லைசன்ஸ் எடுத்தா நாய் இங்க நிக்கும். இல்லேன்னா வண்டி வந்து பிடிச்சிட்டுப் போவும். பிறவு என்னைக் குறை சொல்லப்பிடாது, கேட்டியளா?"

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை அத்தான், அவனைத் தவிர. சோற்றை உருட்டி வைத்துவிட்டு, "இன்னைக்கு மீன் குழம்புல புளி கூடிப்போச்சு, பொறுத்துக்க மக்கா" என்று அவனிடம்தான் சொல்கிறாள். அவனையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் யாரோடு பேசுவாள்? என்னோடா? நான் எப்போது ஆளைப் பேச விட்டேன்?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வெளியே குதிக்கப் பார்த்தான். வேறு வழி தெரியாமல்தான் பாடினேன்.

"எக்கா, நிறுத்துங்க. நாயி முழிச்சிட்டுதான் இருக்கு, எனக்காக்கும் உறக்கம் வருது" என்றான் ஆட்டோக்காரன் பாபு.

பள்ளிக்கூட முற்றம் முழுக்க நாய்கள். நாங்களும் வரிசையில் நின்றோம். டாக்டரைக் கண்டதும் நம் வக்கீல் என் கக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். வலது தொடையில் ஊசி ஏறியது. ஒரு ஆட்சேபணை கிடையாது.

ஜெயித்த களிப்பில் வீட்டுக்கு வந்தால், வாசலில் மெம்பர்.

"ஏன் சேச்சி கேம்புக்கு வரல்ல? காலையில இருந்து நான் அங்கதானே நின்னேன்."

"போட்டாச்சே! மாவு மில்லுக்குப் பின்னால உள்ள ஸ்கூல்ல."

மெம்பர் தலையில் கை வைத்தார். "எம்மா, அது தமிழ்நாடாக்கும்!"

நம் ஊர்க் கூத்து உங்களுக்குத் தெரியாததா? நடு ரோடுதான் ஸ்டேட் எல்லை. சாயா குடிக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம், குளிக்க இந்தப் பக்கம். தாண்டும்போது யாருக்கு ஸ்டேட் நினைவு வருகிறது? ஒரே நாளில் இரண்டு பக்கமும் கேம்ப் வைப்பார்கள் என்று நான் கண்டேனா? நாய்க் கூட்டத்தைப் பார்த்தேன், போய் நின்றுவிட்டேன்.

"மருந்து ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஒண்ணுதானே மெம்பரே?"

"மருந்து ஒண்ணுதான். லைசன்ஸுக்கு நம்ம டாக்டர் சம்மதிக்கணும். ஒரு மணிக்கு அடச்சிருவாங்க, ஓடுங்க!"

அப்போதுதான் அத்தான், உள்ளேயிருந்து ஒரு சத்தம். "நானும் வாறேன்."

அக்கா! உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வாசல் தாண்டாதவள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சங்கிலியைக் கையில் பிடித்து எனக்கு முன்னால் நடக்கிறாள். நான் பின்னால் ஓடுகிறேன். நம்ப மாட்டீர்கள், உண்மை.

நம் பக்கத்து கேம்பில் நான் டாக்டரை விடவில்லை. "இன்னொரு ஊசி எதுக்கு? அங்க போட்ட டாக்டரைப் போன்ல விளிச்சுக் கேளுங்க" என்று நின்றேன். கடைசியில் அவர் விளித்துக் கேட்டார். "சரி, இனி ஊசி வேண்டாம். லைசன்ஸ் தரலாம்" என்றார். பங்கஜத்தின் கேஸ் தள்ளுபடி. வக்கீல் அக்காவோடுதான் இருப்பான்.

இனி எல்லா வருஷமும் அவனை நானே கொண்டுபோவேன், அத்தான். அக்காவையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் வர மாட்டேன் என்றால் அவளுக்கும் பாடுவேன். இது என் வாக்கு.

நான் டாக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வக்கீலோடு வரிசையில் நின்றிருக்கிறாள். ஊசி வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. முறை வந்ததும் இடது தொடையில் போட்டுவிட்டார்கள். டாக்டரைக் கேட்டோம், ஒன்றும் ஆகாது என்றார். எந்தப் பக்கமும் சாய்ந்து படுக்க முடியாமல் வக்கீல் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

என்றும் உங்கள் வாயாடிக் கொழுந்தியாள்,
லீலா