எண் கிடைக்காத பாண்டா

மே 11
மழை. நாணயச் சந்தையில் ஆளே இல்லை. மாமா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வெள்ளி விலை பார்த்தார். நான் பாண்டா உருவம் பொறித்த வெள்ளி நாணயங்களை ஆண்டு வாரியாக மறுபடி அடுக்கினேன்.

மே 14
லிங்ஷு மாமாவின் கடைக்கு வந்தாள். மூன்று வருடம் முன்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். அவள் அடுத்த மாதம் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். கூடவே அவள் அம்மா, பஸ் நிலையம் பக்கம் குளிர் நூடுல்ஸ் விற்கும் மோ அத்தை.

அத்தை கைக்குட்டையிலிருந்து எடுத்தது 2006 வெள்ளிப் பாண்டா, வட்டப் பெட்டியோடு. லிங்ஷு பிறந்த வருடம் வாங்கியதாம்.

"தரம் பாத்து எண் போடுற எடத்துக்கு அனுப்பினா அதிக வெல வரும்ங்கிறாங்க தம்பி. அனுப்பலாமா?"

மாமா எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். "எழுபதுக்கு எழுபது வந்தா லாபம்க்கா. அறுபத்தொன்பதுன்னா வெலயும் ஏறாது, கட்டுன காசும் போச்சு." என்னைக் காட்டினார். "எங்க புரொபசரக் கேளுங்க. பொண்ணு பள்ளிக்கூடம்தான் போகல, கண்ணு கழுகுக்கண்ணு."

லிங்ஷு என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "எழுபது வரும்" என்றேன்.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா யூன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் சொன்னேன். வேறு எதற்கு?

மே 15
மாமா சாப்பிடப் போனதும் பெட்டியைத் திறந்து விளக்கின் கீழ் வைத்தேன். பாண்டாவின் காதுக்கு மேலே, கண்ணாடி மாதிரி இருக்கும் இடத்தில், வெள்ளைப் புள்ளி. பால் சொட்டிக் காய்ந்த மாதிரி. எழுபது வராது. போன் செய்து அத்தையிடம் சொல்லியிருக்கலாம்.

சந்தையில் சிலர் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். தேய்த்தேன். புள்ளி போய்விட்டது. அந்த இடத்தில் முடியை விட மெல்லிய கோடுகள், சாய்த்தால் மட்டும் தெரிகிறவை. மறுபடி சாய்த்துப் பார்க்காமல் மூடிவிட்டேன்.

மே 16
அனுப்பியாகிவிட்டது.

ஜூன் 7
நுழைவுத் தேர்வு. எழுதுகிறவர்களுக்காகத் தெருவில் ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்கவில்லை. நாள் முழுக்க அமைதி. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூன் 24
லிங்ஷுவுக்கு நல்ல மதிப்பெண். அத்தை தெரிந்தவர்களுக்கெல்லாம் நூடுல்ஸ் கொடுத்தார். எனக்கு மிளகாய் எண்ணெய் ஒரு கரண்டி கூடுதல். "உன் எழுபது வந்ததும் அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிரலாம்." என் எழுபது. பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். காரம் என்று சொன்னேன்.

ஜூன் 27
வந்துவிட்டது. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாணயம். எண் இருக்க வேண்டிய இடத்தில்: "மேற்பரப்பு தேய்க்கப்பட்டது." இனி சாதாரண நாணயத்தின் விலைகூடக் கிடைக்காது.

அத்தையும் லிங்ஷுவும் வந்திருந்தார்கள். மாமா அதை வெளிச்சத்தில் சாய்த்தார். பிறகு அத்தையிடம், "வீட்ல எப்பவாவது தொடச்சீங்களாக்கா?"

அத்தை யோசித்தார். "இவ கைக்கொழந்தையா இருக்கும்போது ஒரு தடவ தெறந்து வெளையாடக் குடுத்தேன். வாயில வச்சுட்டா. தொடச்சிருப்பேன் தம்பி. என் தப்புதான்."

"யாரும்மா உன்னத் தொடைக்கச் சொன்னது? எல்லாத்தயும் தொடச்சுக்கிட்டே இருப்பியா?" என்று கேட்டுவிட்டு லிங்ஷு வெளியே போய்விட்டாள். அத்தை மாமாவைப் பார்த்து, தொந்தரவு கொடுத்துவிட்டவர் போல, சிரித்தார்.

நான் அங்கேதான் நின்றேன். நாணய ஆல்பங்களைத் துடைத்துக்கொண்டு.

ஜூன் 28
சொல்லவில்லை.

ஜூன் 29
மாமாவிடம் சொன்னேன்.

"தெரியும். சாய்ச்சப்பவே தெரிஞ்சிருச்சு. ரப்பர் கோடு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே அவங்களக் கேட்டீங்களா?"

"வாய மூடு. சந்தையில ஒருத்தன் காதுல விழட்டும், அப்புறம் யாரு நம்ம கையில நாணயத்தக் குடுப்பான்? நீ வேலைக்கு எங்க போவ?"

அவர் சொல்வது சரிதான். அதுதான் இன்னும் அசிங்கம் — சரி என்று எனக்கும் பட்டது. மூன்று மணி நேரம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

ஜூலை 2
போனேன். மோ அத்தை தன் நூடுல்ஸ் கடையில் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சாப்பிட்டு எழும்வரை நின்றேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன் — புள்ளி, ரப்பர், எல்லாம். கத்தி நின்றது.

"அப்ப நான் தொடைக்கலயா" என்றார். கத்தியைக் கீழே வைத்து, "அஞ்சு நாளா அவ எங்கூடப் பேசல."

சம்பளத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "காசு கெடக்கட்டும். மொதல்ல உள்ள போய் அவகிட்ட சொல்லு."

சொன்னேன். லிங்ஷு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"உன் முன்னாடி சொல்ல வரல."

பிறகு அம்மாவிடம் எழுந்து போனாள். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

ஜூலை 3
அத்தையிடம் சொன்னதைக் கேட்டு மாமா, நான் நாணயம் பார்க்கும் லென்ஸை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். இனி முன்மேசையில் காலி ஆல்பம் விற்க வேண்டும். புரொபசர் என்று கூப்பிடுவதில்லை. 'ஏய்' மட்டும்.

ஜூலை 20
இருபத்திரண்டு ஆல்பம் விற்றேன். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் சில்லறை வாங்க வந்து, "ரப்பர் இருக்கா பாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆகஸ்ட் 19
மோ அத்தை வந்தார். கையில் அவர் அக்காவின் பாண்டா நாணயம், நாணய ஆலை ஒட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காதது. மாமா கை நீட்டினார். "அவ பாக்கட்டும்" என்றார் அத்தை. மாமா பூட்டைத் திறந்து லென்ஸைக் கொடுத்தார்.

"பிரிக்காமச் சொல்லு. அனுப்பலாமா?"

நெடுநேரம் பார்த்தேன். "உறைக்குள்ள இருக்கும்போது எனக்குச் சொல்லத் தெரியல அத்தை. பிரிச்சா மறுபடி ஒட்ட முடியாது. அனுப்ப வேணாம்."

"சரி" என்றார்.

நான் பார்த்து முடிக்கும்வரை உறையின் ஓரத்திலிருந்து அத்தை தன் விரலை எடுக்கவில்லை.