திருப்பி வைத்த அட்டை

ஜனவரி 1, இரவு

இன்று நான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

காலை ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது. ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தேன். போகிற இடமெல்லாம் ஆண்டவர் கூட வருவார் என்கிற வசனம். எனக்குப் பகீரென்றது. ஆண்டிபட்டியைத் தாண்டாதவள் நான் எங்கே போகப்போகிறேன்? போகத் துடிப்பவள் என் மகள் ஜெனி. வடக்கே ஒரு மலையூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாக நான்தான் சம்மதிக்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி மேலேயே வைத்துவிட்டு, அடியிலிருந்து வேறொன்றை உருவினேன். வீட்டில் சமாதானம் தங்கும் என்றிருந்தது. அப்பாடா என்று நகர்ந்தேன்.

எனக்குப் பின்னால் நின்றது ஜெனி. மேலே இருந்ததைத்தான் அவள் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அதை என் கையில் வைத்தாள். "இதக் காட்டி உன்னய வற்புறுத்த மாட்டேம்மா. நீ போகச் சொன்னாத்தான் போவேன். இல்லாட்டி பெரியகுளத்துலயே வேல பாக்குறேன்."

அவளுக்கு அந்த அட்டையை எடுத்துக் கொடுத்ததே நான்தான், ஆண்டவரே. உம்மோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவேன்?

"எப்ப வரச் சொல்லிருக்காக?" என்று கேட்டேன். என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அங்கே குளிர் அதிகமாம். அவள் அப்பாவின் ஸ்வெட்டர் பரணில் பெட்டிக்குள் கிடக்கிறது. விடியட்டும் என்று விட்டால் மனசு மாறிவிடுவேன். இப்போதே ஏறி எடுக்கிறேன்.