கவுதாரி கேசட்

திருவண்ணாமலை
18-3-1985

அன்புள்ள மாமாவுக்கு,

ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். தலையில் துண்டு கட்டாமல் சாரத்தில் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தை மாதம் நான் அனுப்பிய கேசட்டை ரூமில் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டதாகவும், கவுதாரி கத்தியதும் விழுப்புரத்துக்காரர் அழுதுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி. "பால்காரர் தசரதனுக்கு ஆடியில கால் ஒடிஞ்சுபோச்சுன்னு எழுதியிருந்தியே, சரியாயிடுச்சா? நடுவுல அவர் சைக்கிள் மணி கேட்டுச்சு, சந்தோஷம்." படித்ததும் எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

தசரதன் இன்னும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அவர் மகள்தான் நடந்து வந்து பால் ஊற்றுகிறாள். நீங்கள் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தைய மணி. கவுதாரிகளும் அப்போது கத்தியவைதான். உங்களிடம் இருந்த முதல் கேசட் சிக்கி அறுந்துவிட்டது, புதிதாகப் பதிந்து அனுப்பு என்று கேட்டீர்கள். நான் முதலில் பதிந்து வீட்டில் வைத்திருந்த பழையதை சன்னதித் தெரு கேசட் கடையில் கொடுத்து இன்னொரு நகல் எடுத்து அனுப்பினேன். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாட்டே இல்லியே, வெறும் பறவை கத்துது"ன்னு சிரித்தார். நானும் வெட்கமில்லாமல் கூடச் சிரித்தேன்.

ஏன் புதிதாகப் பதியவில்லை என்று கேட்பீர்கள். பதிய ஒன்றும் இல்லை மாமா. வீட்டுக்குப் பின்னால் மலையடியில் கவுதாரிச் சத்தம் நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கல்யாணமான புதிதில் என் தம்பி கண்ணாயிரம் அங்கே கண்ணி வைத்தபோது, அதை நீங்கள் பிடுங்கிக் கொண்டுவந்து அடுப்பில் போட்டீர்கள். என் தம்பியை இப்படியா அவமானப்படுத்துவது என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் வெளிநாடு போன பிறகு அவன் வந்து, நீங்கள் அனுப்பிய டேப்ரிக்கார்டரைப் பாட்டு கேட்கவேண்டும் என்று கேட்டான். கொடுத்தேன். உள்ளே கவுதாரி கேசட் இருந்தது.

அதை அவன் விடியற்காலையில் புதருக்குள் வைத்து ஓடவிட்டிருக்கிறான். எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று ஒவ்வொரு சேவல் கவுதாரியும் சண்டைக்கு ஓடிவந்திருக்கிறது. சுற்றிலும் கண்ணி. "கூப்பிட வெக்கிற கூண்டுக் கவுதாரின்னா வெயில் ஏறுனா வாய மூடிக்கும்க்கா. இது பேட்டரி இருக்கற வரைக்கும் கத்துது"ன்னு என்னிடமே பெருமையாகச் சொன்னான். பிடித்ததில் ஜாஸ்தி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டலுக்குப் போயிற்று. இரண்டு எனக்கு வந்தது.

முதல் தடவை எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை தெரியும். தெரிந்துதான் டேப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மிளகு அரைத்துக் குழம்பு வைத்தேன், பாப்பாவுக்கும் ஊட்டினேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்காக நான் பனியில் உட்கார்ந்து பதிந்த சத்தம். பாப்பா தும்மிவிடக்கூடாதே என்று அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பதிந்தேன். அதையே வைத்து அவைகளைக் கூப்பிட்டுக் கொன்றிருக்கிறோம். அவன் மட்டும் என்று எழுத எனக்கு வாயில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடியுமுன் பெட்டியோடு மலையடிக்குப் போனேன். ஒன்றாவது கத்தினால் நிஜமாகவே பதிந்து அனுப்பிவிடலாம், பொய் சொன்னது தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. காக்கை கத்தியது, கீழ்பென்னாத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. வேறு ஒன்றுமில்லை. பொறுக்கமாட்டாமல் பழைய கேசட்டைப் போட்டேன்.

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் ஒற்றைச் சேவல் ஒன்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஓடிவந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடியது. இளைத்திருந்தது. பெட்டிக்குள் கத்தியவனை அது எங்கே போய்த் தேடும்? அவனைக் குழம்பு வைத்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியை நிறுத்திவிட்டேன். அந்தக் குரலைப் பதிய எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாயிரத்திடம் இனிமேல் பெட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன். "ஒரு பறவைக்கு இவ்ளோவாக்கா"ன்னு கோபித்துக்கொண்டு போனவன் இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே ஒன்று மிச்சமிருப்பது அவனுக்குத் தெரியாது. நீங்களும் அவனுக்கு எழுதிவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தையும் அந்தப் பழைய கேசட்டையும் முருகையனிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து அடுத்த வாரம் அவர் அங்கே வருகிறார். கேசட் இங்கே இருக்கவேண்டாம். நான் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தவள், மூன்றாவது தடவை கொடுக்கமாட்டேன் என்று என்ன நிச்சயம்? உங்களிடமே இருக்கட்டும். லீவில் வரும்போதும் அதைக் கொண்டுவராதீர்கள். விழுப்புரத்துக்காரரிடம் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

கார்த்திகைக்கு வந்துவிடுவீர்கள்தானே. வந்ததும் ஒரு நாள் விடியற்காலையில் இரண்டு பேரும் மலையடியில் போய் உட்காருவோம். அது கத்தினால் கேட்டுவிட்டு வருவோம். கத்தாவிட்டால் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். நீங்களும் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், மாமா.

உங்கள் உடம்பை அண்ணாமலையார் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசும்
ஆதிலட்சுமி