யானை வராத மூன்று இடங்கள்

ஜவளகிரி,
டிசம்பர் 2006

கோபக்காரருக்கு,

தளி டெலிபோன் பூத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. ஓசூரில் ஷிப்ட் முடிந்து தூங்குகிறீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் டிவி நேரலைக்கு, யானை வருகிற நல்ல இடமாகக் காட்டச் சொல்லி இங்குள்ள விவசாயி திம்மராயனிடம் கேட்டோம். நிழல், தண்ணீர், வேன் நிற்கச் சமதரை என்று மூன்று இடம் காட்டினார். இரண்டு நாள் கேமராவோடு காத்திருந்தோம். மாடுகள்தான் வந்தன.

கேட்டால், "ஆன வராத எடமா பாத்துத்தான் காட்டினேன். பொம்பளப் புள்ளய ஆன வர்ற எடத்துலயா உக்கார வெப்பாங்க?" என்கிறார்.

அப்படியே உங்கள் பேச்சு. ஆனால் அவரிடம் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. சிரித்துவிட்டேன்.

கடைசியில் ஏரிக்கரையில் ஓர் உயரமான பாறையைக் காட்டினார். யானை கீழே தண்ணீர் குடிக்கும், மேலே ஏறாது. செல்போனில் சிக்னல் இரண்டு கோடு தெரிகிற ஒரே இடமும் அதுதான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நேரலை. சத்தம் கேட்டால் யானை திரும்பிவிடும் என்பதால் எல்லோரும் முன்பே போனை அணைத்துவிடுவார்கள். நான் மட்டும் ஐந்து ஐம்பத்தொன்பது வரை அணைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
போகாதே என்று நீங்கள் சொல்லியும் வந்தவள்