தெற்கே மாட்டிய கீல்

ஜனவரி 4

அன்புள்ள அம்மா,

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. கடலோரம் இன்னொரு வீடு என்பது நீங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டம். இனி அது யாருக்கு? அப்பா சேர்த்ததில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மேற்குக் கரையில் ஓர் அடுக்குமாடி பார்த்திருக்கிறேன். காவலாள், லிஃப்ட் எல்லாம் உண்டு. வாடகைக்கு விட்டுவிட்டு நீ எங்களோடு வந்துவிடு. பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

உன் மகன்

ஜனவரி 19

கண்ணு,

"யாருக்கு" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத்தான். நான் இன்னும் இருக்கிறேன் இல்லையா?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். போன வருஷம் உன் அப்பா பட்டறையில் ஒரே தகட்டில் மூன்று கதவுக் கீல் வெட்டினார். மேற்கே, கிழக்கே, தெற்கே, மூன்று கரையிலும் கடை வாசலில் ஒவ்வொன்று மாட்டிவிட்டு வந்தார். "ஒரு வருஷம் உப்புக்காத்து தின்னட்டும். எது கம்மியா துருப்பிடிக்குதோ, அங்கதான் நம்ம வீடு"ன்னார். வருஷம் முடிந்துவிட்டது. பார்க்க அவர் இல்லை. நான் போகிறேன். அதுவரை கையெழுத்து கிடையாது.

அம்மா

ஜனவரி 30

அம்மா,

கீலைப் பார்த்தா வீடு வாங்குவார்கள்? முட்டி வலியோடு தனியாக பஸ்ஸில் அலையாதே. பிடிவாதம் பிடித்தால் நான் இதில் தலையிடவே மாட்டேன்.

மகன்

பிப்ரவரி 21

கண்ணு,

போய் வந்துவிட்டேன். முட்டி என் முட்டி.

மேற்கே, உன் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் மாட்டியது, தொட்டதும் உடைந்து கையோடு வந்தது. கிழக்கே லேசான துருதான். தெற்கே டீக்கடையில் இருந்தது மட்டும் புதுசு மாதிரி மின்னியது. டீக்கடைக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்த அண்ணன் தொடாதேன்னுதான் சொன்னாரு. மனசு கேக்கல அக்கா. வாரா வாரம் எண்ணெய் போட்டுட்டேன். தப்பா?"

"தப்புதாம்மா"ன்னேன். சோதனையே பாழ். அவர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அதை நினைத்துச் சிரித்துவிட்டேன், அவர் போனபிறகு முதல் தடவையாக. அப்புறம்தான் அவர் இல்லை என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்பா சொன்னபடி பார்த்தால் கிழக்குதான். நான் தெற்கே வாங்கிவிட்டேன், அவள் கடைக்கு இரண்டு வீடு தள்ளி. கையெழுத்தும் போட்டாயிற்று. இந்த வீடும் இருக்கும், அந்த வீடும் இருக்கும். உன்னிடம் வந்து தங்கமாட்டேன். நீ வா.

புது வீட்டு வாசல் கதவில் மேலே அவள் எண்ணெய் போட்ட கீல், கீழே கிழக்குக் கீல். தச்சரிடம் சொல்லிவிட்டேன்.

உன் மேற்குக் கீலை இந்தக் கவரிலேயே காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி, கையில் குத்தும்.

அம்மா