ஒருமனதாக ஒரு தலைவர்

செப்டம்பர் 9

மதகடிப்பட்டில் கடை திறந்ததுமே நாலு பேர் இருமல் மருந்து கேட்டு வந்தார்கள். நாலு பேரும் நம்ம ஊர்க்காரர்கள். ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டிக் கொளுத்தினால் இருமாமல் என்ன செய்வார்கள்? கொளுத்துகிற ஆளும் வரிசையில் நின்று ஒரு பாட்டில் வாங்கிப் போனார். மருந்துக்கடைக்காரி எனக்கு நல்ல வியாபாரம்தான். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் டிவியில் சொன்னார்கள், உள்ளாட்சித் தேர்தல் வருகிறதாம். கடைசியாக நாங்கள் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டபோது என் பெண் இளவரசி பிறக்கவேயில்லை. இப்போது அவள் காலேஜில் இரண்டாம் வருஷம். நம்ம ஊர்த் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் விளையாட்டாகக் கேட்டேன், "நான் நிக்கட்டா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே "நில்லேன்" என்றார். ஒரு புடவை வாங்கக் கேட்டாலே மூன்று நாள் யோசிக்கிற மனுஷன்.

செப்டம்பர் 13

திரௌபதி அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம், தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று. ஊர்ப் பெரியதனம் சாமிநாதன் மாமா என்னைப் பேசச் சொன்னார். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஏரிக்கரையில் குப்பை கொளுத்தக் கூடாது. வடக்குக் காலனிக்குத் தெருவிளக்கு வேண்டும். மழைக்கு முன்னால் ஏரி வாய்க்காலைத் தூர் வார வேண்டும். பஞ்சாயத்துக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை ஊரின் முன்னால் படிக்க வேண்டும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா தாம்பூலத் தட்டை நீட்டினார். "ஊரு ஒருமனசா உன்ன நிறுத்துது. வாங்கிக்கம்மா." அம்மனைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணமோ நிலமோ, அம்மன் முன்னால் தட்டு வாங்கினால் நம்ம ஊரில் அதற்கப்புறம் பேச்சில்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று. நம்ம ஊர்க் கூட்டத்தில் நாற்காலி எங்கே போடுவது என்பதற்கே சண்டை வரும். இன்றைக்கு ஒருத்தர்கூட ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

செப்டம்பர் 21

வேட்புமனு கொடுத்தாயிற்று. இன்றோடு கடைசி. எனக்கு எதிராக நிற்பது ஒரே ஒருத்தி, காலனி ஜோஸ்பின். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள், இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். எனக்கு ரவிக்கை தைப்பதும் அவள்தான்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் அளவு ஜாக்கெட்ட குடுத்துட்டுப் போக்கா" என்று சிரித்தாள். இந்த ஊரில் என்னை எதிர்த்து நிற்பவளிடம்தான் நான் நிம்மதியாகப் பேச முடிகிறது.

செப்டம்பர் 24

ஓட்டுக் கேட்கக் காலனிக்குப் போனேன். ஜோஸ்பினே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினாள். எதிர் வேட்பாளரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவளை எங்கே பார்த்திருக்கிறேன்?

அவள் வீட்டுக்குப் பின்னால்தான் ஏரி வாய்க்கால். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். போன கோடையில் பக்கத்து வயலைப் பிளாட் போட்டார்கள். இன்றைக்குத்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வாய்க்காலின் குறுக்கே ஆள் உயரத்துக்குச் சுவர். அடியில் ஒரே ஒரு குழாய். என் பானை வயிறுகூட அதைவிட அகலம். ஏரி முழுக்க வருகிற தண்ணீர் அந்தக் குழாய் வழியாகப் போக வேண்டுமாம்.

"மழ புடிச்சா தண்ணி இங்கதாங்கா திரும்பும். அம்மாவால எழுந்துக்க முடியாது, பாரு" என்றாள். உள்ளே ராமாயி அம்மாள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். ஜோஸ்பினும் அவள் புருஷன் பாக்யராஜும்தான் தூக்கி உட்கார வைக்கிறார்கள்.

மாதா கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்: நான் தலைவரானால் முதல் வேலை அந்தச் சுவரை இடிப்பது. கை தட்டினார்கள்.

செப்டம்பர் 25

காலையிலேயே சாமிநாதன் மாமா வந்தார். காப்பி குடித்தார். இளவரசி படிப்பை விசாரித்தார். எழுந்து போகும்போது, "அந்தச் செவுரு பேச்ச வுட்டுடும்மா. ஊரு பொதுக் காரியம் அது" என்றார்.

"எந்த ஊருக்குப் பொது மாமா? காலனி நம்ம ஊரில்லையா?"

சிரித்தார். "தட்டு வாங்கிட்ட இல்ல."

அவர் போனபின் இவர் வாயைத் திறந்தார். பிளாட் போட்ட நிலத்தில் பாதி இவருடைய அண்ணனுடையதாம், மீதி மாமாவுடையதாம். வெளியூர்க்காரன் பேரில் நடக்கிறது. "தட்டு வாங்கறப்ப உனக்குத் தெரியாதா? இன்னாத்துக்கு உன்ன நிறுத்தினாங்கன்னு நெனச்ச?"

தெரியாது. எனக்குத் தெரியாது. ஊரே தலையாட்டியபோது என் பேச்சுக்குத்தான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்த முட்டாள் நான். இன்னாத்துக்கு சம்மதம்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலியே. நான் அவர்களுக்கு வேட்பாளரில்லை, கையெழுத்துப் போடுகிற ஆள்.

மனு கொடுக்கிற தேதி முடிந்துவிட்டது. வேறு ஆளை நிறுத்த அவர்களால் முடியாது. அதை நினைத்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும்.

செப்டம்பர் 27

அவர்கள் தயவில் நிற்க வேண்டாம் என்று தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். புது வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் வைத்துத்தான் எடுத்துப் போனேன். மாமா கையை நீட்டவில்லை. "அம்மன் முன்னால வாங்கினது, அம்மன்கிட்டயே குடு" என்றார். கோயிலுக்குப் போனால் பூசாரி, பெரியதனம் சொல்லாமல் வாங்க மாட்டேன் என்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தாரில் இன்னொருவர், வீட்டில் ஆள் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தார். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது.

தட்டும் கையுமாக ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்தேன். வழியெல்லாம் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 29

மதகடிப்பட்டுக் கடைக்கு முன்பின் தெரியாத ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை வாங்கினார். "ஸ்கூட்டிலதான் போறீங்களாம்மா? லாரி ஜாஸ்தி. பாத்துப் போங்க."

அக்கறையாகத்தான் சொன்னார். வண்டியை நான் கடைக்குப் பின்னால் நிறுத்துகிறேன். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது.

செப்டம்பர் 30

ஜோஸ்பின் கடைக்கு வந்தாள். தட்டு விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. நாளைக்கு மனு வாபஸ் வாங்கக் கடைசி நாள்.

"நான் வாங்கிடறேங்கா" என்றாள். "ரெண்டு பேரும் நின்னா ஊரு ஓட்டெல்லாம் உனக்குன்னு அவங்க சொல்லிக்குவாங்க. நான் விலகிட்டா நீ அவங்களால ஜெயிச்சவ இல்ல. அவங்களுக்கு நீ கடன்படல."

எப்படி யோசித்திருக்கிறாள் பார். வேண்டாம் என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமை காந்தி ஜெயந்தி லீவு, அதனால் திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், மழைக்கு முன்னால் சுவரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். "தலைவரா நீ வந்து கேட்டா தட்ட முடியாது இல்ல?" அவள் கையைப் பிடித்து வருகிறேன் என்று சொன்னேன்.

ராத்திரி இவரிடமும் சொன்னேன். மனைவி என்ன செய்யப் போகிறாள் என்று புருஷனுக்குத் தெரிய வேண்டுமில்லையா? "ம்" என்றார்.

அக்டோபர் 1

ஜோஸ்பின் விலகிவிட்டாள். எதிர்ப்பில்லாமல் நான்தான் தலைவர். மாமா வீட்டு வாசலில் சரவெடி.

அக்டோபர் 3

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

இளவரசி காலேஜ் விட்டு மதகடிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். தூறல். ஒரு கார் நின்றது. உள்ளே ஒரு பொம்பளையும் இருந்திருக்கிறாள். "கல்பனா பொண்ணுதானே, ஏறும்மா"ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பேரைச் சொன்னதால் இவளும் ஏறிவிட்டாள். வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார்களாம்.

"ரொம்ப நல்லவங்கம்மா. அந்த அண்ணன் கையில செவப்பு கயிறு கட்டியிருந்தாரு. அம்மாவ திங்கக்கெழம எங்கயும் அலைய வேணாம்னு சொல்லு, மழ வருதுன்னு சொன்னாரு."

திங்கட்கிழமை விஷயம் எனக்குத் தெரியும். ஜோஸ்பினுக்குத் தெரியும். அப்புறம் இவருக்கு.

இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். "யாருகிட்ட சொன்ன?" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்க்கவில்லை. "புள்ள நல்லபடியா வந்துட்டா இல்ல. வுடு" என்றார்.

வுடு. வுடுன்னா? எத வுடறது?

அக்டோபர் 5, திங்கள்

காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. ஜோஸ்பின் மூன்று தடவை போன் செய்தாள். இளவரசியை எடுக்கச் சொல்லி, அம்மா தூங்குகிறாள் என்று சொல்ல வைத்தேன்.

மத்தியானம் வரைக்கும் கொம்யூன் ஆபீஸ் வாசலில் எனக்காக நின்றுவிட்டு, தனியாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். தனியாக ஒரு காலனிப் பெண் கொடுத்த காகிதம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் தாய். எனக்கு இருப்பது ஒரே பெண். யார் என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். செய்திருப்பார்களா?

அக்டோபர் 8

சான்றிதழ் வாங்கினேன். மாலை, சால்வை. ஏரிக்கரைக் குப்பையை நாளைக்கே அள்ள ஏற்பாடு செய்வதாக மாமா சொன்னார். காலனிக்கு விளக்கும் போடலாமாம். எல்லாம் நான் கேட்டபடியே நடக்கிறது, அந்த ஒன்றைத் தவிர.

அக்டோபர் 22

குப்பை அள்ளியாயிற்று. இருமல் மருந்து வியாபாரம் குறைந்திருக்கிறது. காலனியில் விளக்கு எரிகிறது. நான் ஒன்றுமே செய்யாதவள் இல்லை. தை பிறந்ததும் சுவரைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். தண்ணீர் வருகிற வருஷமா இது என்று யாருக்குத் தெரியும்?

ஜோஸ்பின் இப்போதெல்லாம் கடைப் பக்கம் வருவதில்லை. ராமாயி அம்மாளின் மாத்திரையை பாக்யராஜ் வந்து வாங்கிப் போகிறார். காசை மேஜையில் வைக்கிறார், என் கையில் தருவதில்லை.

நவம்பர் 8

மூன்று நாளாக மழை விடவில்லை. ஏரி முக்கால் நிறைந்துவிட்டது. வெட்கத்தை விட்டு மாமாவிடம் போனேன். இடிக்க வேண்டாம், நாலு கல்லையாவது எடுத்து வழி விடுங்கள் என்று கெஞ்சினேன். "மழ வுடட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். குடை கொடுத்து அனுப்பினார்.

ஒரு ஜேசிபிக்காரருக்கு நானே போன் செய்திருக்கலாம். நம்பர் போனில் இருக்கிறது. பெயரை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். இளவரசி உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 11

விடியும் நேரம் ஏரி வழிந்தது. தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பிக் காலனிக்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தலைவர் என்று நான்தான் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. பிளாட்காரர்கள் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் அனுப்பினார்கள். பொட்டலம் கட்டி நான் கையால் கொடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வரிசையில் ஜோஸ்பின் வந்தாள். மார்பு வரை சேறு. அவள் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியுமே, கேட்காமலேயே மூன்று பொட்டலம் எடுத்து நீட்டினேன். அவள் இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு?" என்றேன்.

"அம்மா இல்லைங்க, தலைவரம்மா. கட்டிலோட தூக்கறதுக்குள்ள தண்ணி வந்துடுச்சி."

சத்தம் போடாமல் சொன்னாள். அவள் நகர்ந்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. கையிலிருந்த பொட்டலத்தை அடுத்தவருக்குக் கொடுத்தேன்.