தர்ஷினிக்கு நேர்ந்த சைவம்

நியாலாஸ்,
4 மார்ச் 2024

தர்ஷினி அப்பாவுக்கு,

போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுதினால் முழுசாகப் படித்துத்தானே ஆகவேண்டும்! மகள் சுகம். உங்கள் மேல் உள்ள கோபத்தோடு நானும் சுகம்.

மலாக்காவில் எடுத்த ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. தர்ஷினி உடம்பில் துத்தநாகம், அதான் ஜிங்க், மிகவும் குறைவு. அவளைப் போல அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைகள் பலருக்கு அது சிறுநீரில் கூடுதலாகப் போய்விடுமாம். ஒன்பது வயதில் ஆறு வயதுப் பிள்ளையின் சட்டை போடுகிறாளே, அடிக்கடி காய்ச்சலில் விழுகிறாளே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சுத்த சைவம் என்றேன். மாத்திரையோடு நண்டு, கோழி, முட்டையும் கொடுக்கச் சொன்னார்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை சைவம் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டது நீங்கள். தீபாவளிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்கா வைத்த கோழியை அவள் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, சண்டை போட்டுப் போனவர் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. இருந்தாலும் கொடுக்கலாமா என்று முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

நிர்மலா

பாசிர் கூடாங்,
11 மார்ச் 2024

அன்புள்ள நிர்மலா,

என்னோடு கப்பல் பட்டறையில் குப்பை கொட்டும் சேகரன், "கூரைக்குப் போடுற ஜிங்க் புள்ளைக்கு எதுக்குலா?" என்று கேட்கிறான்.

விளையாட்டை விடு. அவளை ஐசியுவில் சேர்த்த இரவு, வாசலில் நீ மயங்கிக் கிடந்தாய். நான் ஒருவன்தான் நின்றேன். வலியில் அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது வாயில் வந்த வாக்கு அது. மறுநாள் கண் திறந்தாள். இப்போது வாக்கை மீறி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது நிர்மலா. மாத்திரை மட்டும் கொடு, போதும்.

தர்மேந்திரன்

நியாலாஸ்,
18 மார்ச் 2024

தர்ஷினி அப்பாவுக்கு,

மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் கொடுத்தது தப்பு, வாந்தி எடுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் நிற்கிறது. ஆனால் சாப்பாடும் மாறவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் கோவிலுக்குப் போய் யோசித்தேன். பிள்ளைக்கு நேர்ந்த காவடியைத் தகப்பன் தூக்குவது நம் கோவிலில் புதுசா? பிள்ளைக்கு நேர்ந்த சைவத்தை மட்டும் தகப்பன் ஏன் சுமக்கக் கூடாது? சந்நிதியில் நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோலா சுங்கை பாரு மீன் பசாரில் நண்டு வாங்கிச் சமைக்கப் போகிறேன். அன்றிலிருந்து மிச்ச சைவம் உங்களுடையது. ஆட்டுக்கறி இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காது. தெரிந்துதான் சொல்கிறேன். நீங்கள் மாட்டேன் என்றாலும் அவளுக்கு ஊட்டுவேன். ஆனால் உங்களை ஒதுக்கிவிட்டு ஊட்ட மனசு வரவில்லை.

நிர்மலா

பாசிர் கூடாங்,
25 மார்ச் 2024

அன்புள்ள நிர்மலா,

உன் கடிதம் கிடைத்த அன்று கேன்டீனில் ஆட்டுக்கறி. தட்டில் வாங்கியும் விட்டேன். அப்படியே சேகரன் பக்கம் தள்ளினேன்.

"என்னா மச்சான், வயிறு சரியில்லையா?" என்றான்.

"இல்லலா. இனிமே என் மவளுக்குப் பதிலா நான் சைவம்" என்றேன்.

பருப்பும் கீரையும் வாங்கித் தின்றேன். ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அவள் இத்தனை காலம் இதைத்தானே தின்றாள் என்று நினைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். நான் நேர்ந்தேன், அவள் சுமந்தாள். இங்குள்ள கோவிலுக்குப் போய் முருகனிடமும் சொல்லிவிட்டேன். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இனி அது என் பாடு.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மறுநாள் பசாருக்கு நானும் வருவேன், நல்ல கனமான நண்டாகப் பார்த்து வாங்கலாம். காரம் குறைத்துப் போடு. அந்த நோயின் வலி கையில் இருந்தால் அவளுக்கு நண்டு ஓடு உடைக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து நான் உடைத்துக் கொடுக்கிறேன்.

எனக்கு ரசம் மட்டும் வை.

தர்மேந்திரன்